இரத்மலானையில் தரையிறங்கிய பயங்கள்

இரத்மலானையில் முதன்முதலாக வந்திறங்கிய விமானம் சென்னையிலிருந்து வந்தது. 1935 நவம்பர் 27. மதராஸ் பறக்கும் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ, புஸ் மொத் என்ற சின்ன விமானத்தை ஓட்டிக்கொண்டு வந்து, புதிதாகச் சமப்படுத்திய நிலத்தில் இறக்கினார். எவரும் சுடவில்லை. சுடுவதற்கு எவரிடமும் ஒன்றும் இருக்கவில்லை. வடக்கிலிருந்து வானத்தால் வருகிறவருக்கு மாலை போடுவதா, பீரங்கியைத் திருப்புவதா என்ற குழப்பம் பிற்காலத்தில் எத்தனை அரசாங்கங்களின் நித்திரையைக் கெடுக்கப்போகிறது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

வெள்ளவத்தையில் 100 ஆம் இலக்க பஸ் ஏறினால், தெகிவளையும் கல்கிசையும் கழிய இரத்மலானை. அந்த ஓடுபாதைக்குப் பக்கத்தில் இப்போது விமானப்படையின் அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் "இது பிரித்தானியா, இது ரஷ்யா, இது சீனா" என்று காட்டலாம். நல்ல பொழுதுபோக்கு. கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால், அங்கே நிற்கிற ஒவ்வொன்றும் ஒரு காலத்துப் பயம், இறக்கையோடு. ஒரு நாடு எவருக்குப் பயப்படுகிறதோ அதற்கேற்பப் படைக்குப் பணம் ஒதுக்கும் என்று பொருளியல்காரர் எழுதுவார்கள். எங்கள் ஊர்க் கணக்கில் இன்னொரு வரி கூட: அந்தப் பயத்துக்கான மருந்தைக் கடனுக்குத் தருகிறவர் யார்?

முதல் பயம் யப்பான். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. பிரித்தானியா கோடிக்கணக்கில் கொட்டி அங்கே கட்டிய கடற்படைத் தளத்தின் பெரிய பீரங்கிகளுக்குக் கப்பலைத் துளைக்கிற குண்டுகளே அதிகம் கொடுத்திருந்தார்கள். யப்பான்காரர் கப்பலில் வராமல் மலாயாக் காட்டு வழியே சைக்கிளில் வந்தார்கள். சைக்கிளைத் துளைக்கிற குண்டுக்கு எவரும் பணம் ஒதுக்கியிருக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து தப்பிவந்த அட்மிரல் லேட்டனைத்தான் மார்ச் மாதம் இலங்கையின் பிரதம தளபதியாக்கினார்கள். தோற்ற அனுபவமும் அனுபவந்தானே.

அவசர அவசரமாகக் கொழும்புக்கு ஹரிக்கேன் விமானங்கள் வந்தன. 30 ஆம் படைப்பிரிவின் 22 விமானங்கள் இரத்மலானையில். 258 ஆம் படைப்பிரிவின் 14 விமானங்களுக்கு இடமில்லாமல், கொழும்பின் குதிரைப் பந்தயத் திடலையே ஓடுபாதையாக்கினார்கள். நாட்டின் கனவான்கள் போரின் கொடுமையை முதன்முதலாக உணர்ந்தது அன்றைக்குத்தான் இருக்கவேண்டும்.

ஏப்ரல் 4 மாலை, கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி பேர்ச்சல், தெற்கே கடலில் யப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு வானொலியில் செய்தி அனுப்பினார். அனுப்பியவுடனேயே சுட்டு வீழ்த்தப்பட்டுக் கைதியானார். செய்தி மட்டும் தப்பி வந்து சேர்ந்தது. ஆக, நாளைக்கு அடி விழும் என்று கொழும்புக்கு முதல்நாளே தெரியும். ரேடாரும் இருந்தது. ஆனாலும் மறுநாள் உயிர்த்த ஞாயிறு காலை ஏழரை மணியளவில், இரத்மலானை விமானிகளுக்கு எதிரி வந்துவிட்டான் என்ற தகவலைச் சொன்னது அவர்களுடைய சொந்தக் கண்கள்தான். தலைக்கு மேலே விமானங்கள் நின்றன. ரேடாரிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. விமானிகள் ஓடி ஓடி ஏறினார்கள்.

குதிரைத் திடலைப் பற்றி யப்பான்காரருக்குத் தெரியாது. அங்கே எவரும் குண்டு போடாததால் 258 ஆம் பிரிவு நிம்மதியாக மேலே எழும்பியது. திட்டமிட்டுக் கட்டிய விமானத்தளம் அடிவாங்க, திட்டமே இல்லாமல் பிடித்த பந்தயத் திடல் தப்பியது. இதிலிருந்து எந்தப் படைத்தலைமையும் எந்தப் பாடமும் படித்ததாகத் தெரியவில்லை.

அன்று பிரித்தானியர் இழந்த விமானங்கள் 27. யப்பான் இழந்தவை 7 என்பது யப்பானியரின் கணக்கு. பிரித்தானியர் அறிவித்த கணக்கு அதைவிட மிகவும் உற்சாகமானது. யப்பானியத் தளபதி நகுமோ தேடிவந்த பிரித்தானியக் கடற்படை கொழும்பில் இருக்கவேயில்லை, அது மாலைதீவின் அத்துத் தீவில் ஒளித்துக்கொண்டிருந்தது. குண்டுகள் அங்கொடை மனநல மருத்துவமனையிலும் விழுந்து, ஒரு பாவமும் அறியாத நோயாளிகள் இறந்தார்கள். அன்றைய தினம் மதிலுக்கு உள்ளே இருந்திருக்கவேண்டியவர்கள் யார், வெளியே இருந்திருக்கவேண்டியவர்கள் யார் என்று கேட்டால் என்னிடம் ஒரு பட்டியல் உண்டு.

நாளை மட்டும் குறித்து வையுங்கள்: ஏப்ரல் 5. இன்னும் வரும்.

யப்பான் போனதும் அடுத்த பயம் தயாராக இருந்தது. இந்தியா. பிரதமர் டி.எஸ். சேனநாயக்காவுக்கு வடக்கே இருக்கிற அந்தப் பெரிய வீட்டைப் பார்த்தால் ஒரு நடுக்கம். இலங்கையும் எங்கள் பாதுகாப்பு வட்டத்துக்குள்தான் என்று அங்கே சிலர் வெளிப்படையாகவே எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்கள். ஆகவே சுதந்திரம் கிடைக்க முன்னமே, 1947 நவம்பர் 11 ஆம் திகதி, பிரித்தானியாவோடு பாதுகாப்பு உடன்படிக்கை எழுதியாயிற்று. வீட்டுக்காரனே பழைய முதலாளியைக் காவற்காரனாக வைத்துக்கொண்ட மாதிரி ஏற்பாடு: சம்பளம் கொடுக்கத் தேவையில்லை, படுக்கத் திருகோணமலையும் கட்டுநாயக்கவும் கொடுத்தாற் போதும். மிச்சம் பிடித்த காசில் 1949 இல் தரைப்படை, 1950 இல் கடற்படை, 1951 மார்ச் 2 இல் விமானப்படை என்று மூன்றும் பெயருக்கு முளைத்தன. விமானப்படையின் முதல் தளபதி பிளேடன் என்ற பிரித்தானியர். இந்தியாவிடமிருந்து எங்களைக் காக்கவேண்டிய விமானம் சிப்மங்க், விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கான விமானம். இந்தியா பயந்ததாகத் தகவல் இல்லை.

1956 இல் பிரதமராக வந்த பண்டாரநாயக்கா காவற்காரனை வீட்டுக்கு அனுப்பினார். 1957 இல் இரண்டு தளங்களும் கைமாறின. நாங்கள் எவருக்கும் பகையில்லை, எங்களுக்கும் எவரும் பகையில்லை என்று உலகத்துக்கு அறிவித்தபின், 1959 இல் பன்னிரண்டு ஜெற் புரவொஸ்ட் விமானங்களை வாங்கினார்கள். எந்தப் பகைவனுக்கு எதிராக என்று கேட்கக்கூடாது.

பகைவன் வந்தான். சீருடையோடு, உள்ளேயிருந்து வந்தான். 1962 ஜனவரி 27 இரவு, இராணுவ, பொலிஸ், கடற்படை மேலதிகாரிகள் சிலர் பிரதமர் சிறிமாவோவின் அரசாங்கத்தைக் கவிழ்க்கத் திட்டமிட்டார்கள். விசயம் முன்கூட்டியே கசிந்து, துவக்கு வெடிக்காமலே முடிந்தது. நல்ல பள்ளிக்கூடங்களில் படித்த கனவான்களின் சதி அது. அதற்குப்பிறகு அம்மையார் செய்த பாதுகாப்புத் திட்டமிடல் மிகத் தெளிவானது: படைதான் ஆபத்து என்றால் படைக்குக் காசு கொடுக்காதே. கடற்படையின் வயிறு ஒட்டியது. ஜெற் விமானங்கள் காலப்போக்கில் கொட்டகைக்குள் போயின. அறுபதுகளில் பாதுகாப்புச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு வீதத்தையே எட்டவில்லை. இன்றைய கண்ணுக்கு அது பொற்காலம். வெறும் சந்தேகத்தால் வந்த பொற்காலம்.

1971. எந்தத் திகதி என்று கேளுங்கள். ஏப்ரல் 5.

நாடு முழுவதும் பொலிஸ் நிலையங்களை ஒரே நேரத்தில் இரவு தாக்குவதென்று ஜே.வி.பி. என்ற கிளர்ச்சி இயக்கம் தீர்மானித்திருந்தது. வெல்லவாயத் தோழர்கள் நேரத்தைக் குழப்பிக்கொண்டு அதிகாலையிலேயே தாக்கிவிட்டார்கள். இலங்கையில் குறித்த நேரத்துக்கு முன்பே தொடங்கிய ஒரே நிகழ்ச்சி என்று இதைச் சொல்லலாம். கொட்டகையில் தூசி படிந்து கிடந்த ஜெற் புரவொஸ்ட்டுகளைத் தட்டி எழுப்பினார்கள். படையிடம் தோட்டா போதாது, ஹெலிகொப்டர் போதாது, எதுவுமே போதாது. அம்மையார் உலகத்துக்குத் தந்தி அடித்தார்.

அணிசேராமைக்கு உலகம் கொடுத்த மரியாதையை அன்றைக்குத்தான் பார்க்கவேண்டும். பிரித்தானியா ஆயுதம் அனுப்பியது. அமெரிக்கா ஹெலிகொப்டர் விசயத்தில் உதவியது. யூகோஸ்லாவியா பீரங்கி தந்தது. இந்தியச் சிப்பாய்கள் கட்டுநாயக்கவைக் காக்க வந்து நின்றார்கள், இந்தியக் கப்பல்கள் கடலைச் சுற்றின. பாகிஸ்தானும் ஹெலிகொப்டர் அனுப்பியது. அந்த இருவரும் அதே வருடம் டிசம்பரில் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளப் போகிறவர்கள். இந்தியா தன் வானத்தை மூடிவிட்டதால், கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போகிற பாகிஸ்தான் விமானங்கள் எண்ணெய் நிரப்ப இறங்கிய இடமும் அதே கட்டுநாயக்கதான். மாவோவின் பெயரைச் சொல்லிக் கிளம்பிய பிள்ளைகளை அடக்க மாவோவின் நாடே 15 கோடி ரூபாவை வட்டியில்லாமல் கடன் கொடுத்தது. ஜே.வி.பி. தலைவர் றோகண விஜேவீரவை மொஸ்கோவில் லுமும்பா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிப்பித்த சோவியத் நாடு, அவருடைய இயக்கத்தின் மேல் குண்டு போட ஐந்து மிக்-17 தந்தது. வடகொரியாவுக்கு மட்டும் பாவம், நல்ல பெயர் கிடைக்கவில்லை. அதன் தூதரகத்தாரைப் பெட்டி கட்டச் சொல்லிவிட்டார்கள்.

மிக் விமானங்கள் வந்து சேர்ந்தபோது கிளர்ச்சியின் பெரும்பகுதி முடிந்திருந்தது. ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்களும் யுவதிகளும் அதற்குள் செத்துப்போனார்கள். அவர்களைக் கொல்ல மிக் தேவைப்படவில்லை, சாதாரணத் துவக்கே போதுமாயிருந்தது.

கிளர்ச்சி அடங்கியதும் புதிய பிரச்சினை: இத்தனை ஹெலிகொப்டரை வைத்து என்ன செய்வது? எண்ணெய்க்கும் உதிரிப்பாகத்துக்கும் டொலர் இல்லை. 1972 இல் விமானப்படை கடை திறந்தது. பெயர் ஹெலிடுவர்ஸ். வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு சீகிரியாவைச் சுற்றிக் காட்டியது. கிளர்ச்சிக்காரனைத் தேட வந்த யந்திரம் சூரியக் குளியலுக்கு ஆள் ஏற்றியது. எனக்குக் கேட்டால், இந்த நாட்டுப் படைச் செலவு வரலாற்றிலேயே புத்தி தெளிந்த முடிவு அதுதான். யாரையும் சுடவில்லை, டொலரும் வந்தது.

அதற்குப் பிறகு பகிடி கொஞ்சம் கஷ்டம். 1983 ஜூலையில், வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் வீடு எரிக்கப்பட்ட தமிழர்கள் ஓடிப்போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று இரத்மலானை விமானக் கொட்டகை. எதிரியிடமிருந்து நாட்டைக் காக்கிற விமானங்கள் நிற்கவேண்டிய சீமெந்துத் தரையில், அந்த நாட்டின் பிரசைகள் ஆயிரக்கணக்கில் பாய் இல்லாமல் படுத்தார்கள். பக்கத்து இந்துக் கல்லூரியிலும் இதே நிலைதான். பிறகு கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். அந்த வருடத்திலிருந்து, யாருக்குப் பயப்படுவது என்ற கேள்விக்குப் பாதுகாப்பு அமைச்சின் விடை மாறவேயில்லை. பகைவன் வடக்கில் இருக்கிறான், தமிழ் பேசுகிறான்.

ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்த்தன அந்த விடையை வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனார். இஸ்ரேலுக்கு அமெரிக்கத் தூதரகத்துக்குள் ஒரு மேசை போட்டுக்கொடுத்தார். கீனி மீனி என்ற, சின்னப்பிள்ளை விளையாட்டுக்கு வைக்கிற பெயரில் இயங்கிய பிரித்தானியக் கூலிப்படைக் கம்பனி அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்தது. பாகிஸ்தானும் வந்தது. இத்தாலியிலிருந்து மார்ச்செட்டி என்ற சிறு விமானங்கள் வந்தன, அவையும் பழகுகிற விமானம், குண்டு கட்டிப் பறந்தன. சீனாவிலிருந்து பெட்டி பெட்டியாக ஏதோ வந்தது. எல்லாம் வடக்கைப் பார்த்து நின்றன. அந்த வடக்குக்கும் வடக்கே ஒரு நாடு இருக்கிறது என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்தார்கள்.

1987 ஜூன் 3. இராமேஸ்வரத்திலிருந்து நிவாரணத்தோடு வந்த படகுகளை இலங்கைக் கடற்படை வீரமாகத் திருப்பி அனுப்பியது. கொழும்பு நெஞ்சை நிமிர்த்தியது. அடுத்த நாள் பின்னேரம் பெங்களூரிலிருந்து ஐந்து அன்ரனோவ்-32 விமானங்கள், அரிசியும் பருப்பும் ஏற்றிக்கொண்டு, மிராஜ்-2000 போர் விமானங்களின் துணையோடு யாழ்ப்பாணத்துக்கு மேலே வந்து மூட்டைகளைப் போட்டன. டில்லியில் இலங்கைத் தூதுவரைக் கூப்பிட்டு, புறப்படுவதற்குச் சற்று முன்னர்தான் சொன்னார்கள். தடுத்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார்கள். மிராஜைத் தடுக்க இலங்கையிடம் இருந்தது மார்ச்செட்டி. நல்லவேளை, ஒருவரும் முயற்சி செய்யவில்லை. 1947 இலிருந்து எந்த விருந்தாளிக்குப் பயந்துகொண்டிருந்தார்களோ அவர் வந்தார், பருப்போடு வந்தார், அந்த ஒரு நாளுக்கு மட்டும் ஒரு சதம்கூட ஒதுக்கியிருக்கவில்லை. ஜூலை 29 இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம். இணைப்புக் கடிதங்களில் இந்தியா என்ன கேட்டது என்று பார்த்தால், வெளிநாட்டுப் படைப் பயிற்சிக்காரர், திருகோணமலைத் துறைமுகம், எண்ணெய்க் குதங்கள், வெளிநாட்டு வானொலி நிலையங்கள். தமிழரின் உரிமை ஒப்பந்தத்தில், இந்தியாவின் பயம் கடிதத்தில். இவற்றில் எது நிறைவேறியது என்று வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்குகிறவரைக் கேட்டாலே சொல்வார்.

தொண்ணூறுகளில் சீனாவின் எஃப்-7, இஸ்ரேலின் கிபிர், பிறகு மிக்-27 என்று போர் விமானங்கள் வந்தன. 1991 இல் தேசியப் பாதுகாப்பு வரி என்று ஒன்றைச் சட்டமாக்கினார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பாதுகாப்புச் செலவு மொத்த உற்பத்தியில் ஐந்து வீதத்தைத் தாண்டியது. காலி வீதிக் கடையில் சாமான் வாங்கிய தமிழர், அதன் விலைக்குள் அந்த வரியைக் கட்டிவிட்டு வெளியே வந்து, அந்த வரியில் சம்பளம் வாங்குகிற சிப்பாயிடம் அடையாள அட்டையை நீட்டினார். சேவைக்கு முன்பணம் செலுத்திய வாடிக்கையாளர்.

2007 இல் பகைவனுக்கே இறக்கை முளைத்தது. விடுதலைப் புலிகளிடம் செக் நாட்டில் செய்த ஸ்லின்-143, ஒற்றை எஞ்சின், நாலு பேர் இருக்கலாம். மார்ச் 26 இரவு கட்டுநாயக்கவில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பிப் போயின. அடுத்த மாதம் பார்படோஸில் உலகக் கிண்ண இறுதியாட்டம், இலங்கையும் அவுஸ்திரேலியாவும். கில்கிறிஸ்ட் 149 அடித்து ஏற்கெனவே ஒரு வான்தாக்குதல் நடத்திவிட்டார். நள்ளிரவு கழிந்து நாடே தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கும்போது கொழும்பில் மின்சாரம் போனது. வானமெல்லாம் சிவப்பாக வெடி. புலிகளின் விமானங்கள் கொலன்னாவை, முத்துராஜவெல எண்ணெய், எரிவாயு நிலையங்களுக்கு வந்திருந்தன. வெள்ளவத்தை மாடி வீடுகளில் விளக்கை அணைத்துவிட்டு எல்லாரும் ஜன்னலுக்கு ஓடினோம். ஸ்கோர் என்ன என்றும் கேட்டோம். அந்த ஆட்டமும் கடைசியில் வெளிச்சம் போதாமல்தான் முடிந்தது.

இனி ரேடார். இந்தியா இரு பரிமாண ரேடார்களை இனாமாகக் கொடுத்திருந்தது. இலங்கைக்குச் சீனாவின் முப்பரிமாண ரேடார் வேண்டும். சீன ரேடார் வடக்கே பார்த்தால் எங்களையும் பார்க்குமே என்று டில்லி முகம் சுழித்தது. இந்தியாவின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணன் சென்னையில் வைத்தே வெளிப்படையாகச் சொன்னார்: இந்தப் பகுதியின் பெரிய வல்லரசு நாங்கள், தேவையானதை எங்களிடம் கேளுங்கள், சீனாவிடமோ பாகிஸ்தானிடமோ போகாதீர்கள். ஆனால் தாக்கும் ஆயுதம் தரமாட்டோம். அதாவது கடைக்குப் போகவும் கூடாது, வீட்டிலும் சமைக்கமாட்டோம். கொழும்பு தலையாட்டிவிட்டு பீஜிங்குக்குப் போய் எஃப்-7ஜி வாங்கிவந்தது. ஒரு சின்னப் பயிற்சி விமானத்தைப் பிடிக்க, ஒலியைவிட வேகமாகப் பறக்கிற ஜெற்.

எந்தப் பயத்திலும் தரகருக்கு ஒரு பங்கு உண்டு. 2006 இல் உக்ரேனிலிருந்து நாலு மிக்-27 வாங்கிய விவகாரத்தில், 2000 இல் வாங்கியவற்றைவிட வயதில் பழையவற்றை விலையில் கூட்டி வாங்கினார்கள் என்று கொழும்புப் பத்திரிகைகள் எழுதின. எழுதிய பத்திரிகைகளில் ஒன்று சண்டே லீடர். அதன் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 காலை, இரத்மலானையில் இருந்த தன் அலுவலகத்துக்குப் போகிற வழியில், அத்திடியவில் நடுவீதியில் கொல்லப்பட்டார். அந்த வீதி விமானத்தளத்துக்குப் பக்கம். இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

2009 மே மாதத்தோடு பகைவன் முடிந்தான். செலவு முடியவில்லை. படை ஹோட்டல் நடத்தியது, மரக்கறி விற்றது, கடற்படை திமிங்கிலம் காட்டியது. ஹெலிடுவர்ஸ் மறுபடி எழும்பி, சீன எம்ஏ-60 விமானத்தில் இரத்மலானையிலிருந்து பலாலிக்கு ஆளேற்றியது. 2022 இல் நாடு வங்குரோத்தாகி, எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசை நின்ற பிறகுதான் எண்ணிப் பார்த்தார்கள்: தரைப்படையின் அனுமதிக்கப்பட்ட தொகை 200,783. அதை 2030 இல் ஒரு இலட்சமாகக் குறைப்போம் என்று 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். அதே 2023 வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கும் பொதுமக்கள் பாதுகாப்புக்கும் சேர்த்து 539 பில்லியன் ரூபா, சுகாதாரத்துக்கு 322, கல்விக்கு 232. பாதுகாப்புக் காசின் பெரும்பகுதி சம்பளத்துக்கும் சாப்பாட்டுக்கும் சீருடைக்கும் போகிறது. விமானமும் கப்பலும் வாங்கக் கையில் மிஞ்சுவது கொஞ்சம்.

ஆகவே கொடைவள்ளல்கள். 2022 ஓகஸ்ட் 15, தன் சுதந்திர தினத்தில், இந்தியா கடலைக் கண்காணிக்க ஒரு டோர்னியர் விமானத்தை இனாமாகக் கொடுத்தது. அடுத்த நாள் காலை சீனாவின் யுவான் வாங்-5 கப்பல் அம்பாந்தோட்டையில் வந்து கட்டியது. டோர்னியரைக் கொண்டுபோய் நிறுத்தியது திருகோணமலையில், சீனன்குடாத் தளத்தில். அமெரிக்கா தன் பழைய கரையோரக் காவல் கப்பலைக் கொடுத்தது, சீனா தன் பழைய போர்க்கப்பலைக் கொடுத்தது, அவுஸ்திரேலியா கண்காணிப்பு விமானம் கொடுத்தது. ஒவ்வொருவரும் மற்றவரைக் கண்காணிக்க எங்களுக்கு ஒரு கண்ணாடி வாங்கித் தருகிறார்கள். உதிரிப்பாகம் தேடுகிற எஞ்சினியரின் பாடுதான் பெரும்பாடு.

பிறகு 2025. ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்க, ஜே.வி.பி. தலைவர். தோழர்களுக்கு ஐந்து வகுப்புகளில் ஒன்றாக இந்திய விஸ்தரிப்புவாதம் படிப்பித்த கட்சி. 1987 ஒப்பந்தத்துக்கு எதிராக இரண்டாம் தடவை துவக்கெடுத்து, இந்தியப் பொருட்களைப் பகிஷ்கரிக்கச் சொன்ன கட்சி. 1971 இல் இந்தியக் கப்பல் எந்தக் கட்சிக்கு எதிராக வந்து நின்றதோ அதே கட்சி. அவர்களுடைய முதல் வரவு செலவுத் திட்டத்திலும் பாதுகாப்புக்கு 442 பில்லியன். மோடி கொழும்புக்கு வந்தார், பீரங்கி வேட்டு மரியாதை நடந்தது, இந்தியாவோடு பாதுகாப்புப் புரிந்துணர்வு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. திகதியை நீங்களே சொல்லுங்கள்.

உடன்படிக்கையை மேசையில் வையுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. எதிர்க்கட்சியில் இருந்த காலமெல்லாம் ஒவ்வொரு ஒப்பந்தத்தின் பிரதியையும் கேட்டுப் போராட்டம் நடத்திய தோழர்கள், இரண்டு தரப்பும் சம்மதித்தாற்தான் வெளியிடலாம் என்றார்கள். ஆகக் கடைசியில் இலங்கை யாருக்குப் பயப்படவேண்டும் என்பது எழுத்தில் இருக்கிறது. வாசித்துப் பார்க்க டில்லியிடம் அனுமதி எடுக்கவேண்டும், அவ்வளவுதான்.